சைலன்சர் வரும்வரை பொறு

அன்புள்ள யாழினி,

உன் ஆர்எக்ஸ் 100 பைக் உயிர் பெற்றுவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது. பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால் கழற்றிப் போட்டுவிட்டாய். புதுசு வரும்வரை அது இல்லாமலே ஓட்டலாமா, வேகம்கூட ஏறும் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறாய். ஓட்டாதே. உன் வண்டிக்கு அதனால் வேகம் ஏறாது, இறங்கும். ஏன் என்று புரிந்துகொண்டால், நாளை உன் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நீயே எடுத்துச் சொல்வாய்.

சைலன்சரைப் புகைக்குக் குறுக்கே நிற்கும் அடைப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் அது முழுத் தவறு. உன் இன்ஜினில் புகைவழியை மூட வால்வு கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்து எரிந்த புகை பாய்கிறது. இன்னும் சற்று இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து, கிராங்க் கேஸிலிருந்து புதுக் கலவை மேலேறுகிறது. பிஸ்டன் திரும்பி ஏறும்போது டிரான்ஸ்ஃபர் போர்ட் முதலில் மூடிக்கொள்கிறது, எக்ஸாஸ்ட் போர்ட் அதற்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் எரியாத பெட்ரோல் வெளியே நழுவ வழி திறந்தே கிடக்கிறது. அதைத் தடுக்கும் கதவு எது தெரியுமா? நீ கழற்றிப் போட்ட குழாய்தான்.

புகை கிளம்பும் வேகத்தில் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் தங்கிய புகையை இழுத்துப் புதுக் கலவைக்கு இடம் செய்கிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் மிச்ச அலை மோதி, இம்முறை தள்ளும் அலையாகத் திரும்புகிறது. போர்ட் மூடுவதற்குச் சற்று முன்னால் அது வந்து சேர்ந்தால், வெளியே நழுவிய கலவையை உள்ளேயே திணித்துவிடும். எல்லாம் நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில். எனக்கு இதைவிட அழகான பொறியியல் அதிகம் தெரியாது.

இந்த அலையை வசப்படுத்தியவர்களில் முதன்மையானவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன். போர்க்காலத்தில் பேனமுண்டே ராக்கெட் தளத்தில் இருந்தவர், பிறகு எம்இசட் நிறுவனத்தின் பந்தய வண்டிகளை உருவாக்கினார். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. உன் 98 சிசி வண்டி கொடுப்பது சுமார் 11. அதே 1961இல் ஸ்வீடன் கிராண்ட் பிரீ பந்தயத்துக்குப் போன அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், அப்படியே மேற்கே தப்பிச் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகி வண்டியில் வந்த அவருக்குக் கிடைத்தது. காடனின் வித்தைகளும் அவரோடு ஜப்பானுக்குப் போயின. குழாயின் வடிவம் அவற்றில் முக்கியமான ஒன்று.

உன் கார்புரேட்டர் ஜெட்டும் அந்தச் சைலன்சரை மனதில் வைத்துத் தேர்ந்ததுதான். குழாயை எடுத்தால் காற்றும் பெட்ரோலும் சேரும் கணக்குக் குலையும். பெட்ரோல் குறைந்த பக்கம் சாய்ந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இத்தனை மாதம் தேய்த்துத் துடைத்த இன்ஜின் ஒரே நாளில் சீஸ் ஆவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. சத்தம் பெரிதானதும் வண்டி பறப்பதுபோலக் காதுக்குத் தோன்றும். காதை நம்பாதே, ஒரே மேட்டை இரண்டு விதமாகவும் ஏறியவர்களைக் கேட்டுப் பார்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வைத்திருக்கும் உன் தோழிகளுக்கும் இது பொருந்தும், அளவில் கொஞ்சம் குறைவாக. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 வண்டிகளில் புகைக்குழாயிலேயே ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. அங்கே கை வைத்தால் பெட்ரோல் அளவைச் சொல்லும் கம்ப்யூட்டருக்கே தப்பான செய்தி போகும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதிப்படி எல்லா வண்டியிலும், டிராக்டர் உட்பட, சைலன்சர் இருக்க வேண்டும். ஆனால் நீ பொறுத்திருக்கப் போலீஸ் பயம் மட்டும் காரணமாக இருக்க வேண்டாம். தெருவில் தூங்கும் கைக்குழந்தை இருக்கிறது, நெஞ்சுவலிக்காரர் இருக்கிறார். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. வண்டிக்கு மிக அருகில் இருக்கும் காது உன்னுடையது.

பழுது பார்க்கும்போது சில நொடி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டி வந்தால், வண்டியைக் கட்டாயம் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போ. ஷட்டர் இறக்கிய ஷெட்டில் ஒருபோதும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. போர்ட்டுக்கு நேரே கால், பெட்ரோல் டியூப், ஒயர் எதுவும் இருக்கக் கூடாது. அங்கிருந்து தீ நாக்கே வெளிவரலாம். ஆக்சிலரேட்டரை முறுக்காதே.

புதுச் சைலன்சர் வந்ததும் சிலிண்டரோடு சேரும் இடத்தில் புது கேஸ்கெட் போடு. சில கிலோமீட்டர் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார். காப்பிப் பொடி நிறமாக இருந்தால் ஜெட் சரி. வெளுத்திருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் அத்தை