அலைக்குப் பிந்தைய பக்கங்கள்

தம்பி,

அக்கரைப்பேட்டை அம்மாவைப் பற்றி நீ எழுதிய கேஸ் ஸ்டடியைப் படித்தேன். பி.டி.எஸ்.டி. என்ற, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயின் அடையாளங்கள் உனக்குத் தெரியும், அதை விடு. எட்டுப் பக்கத்தில் ஆறு பக்கம் அலையே அடித்துக்கொண்டிருக்கிறது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐ விட்டு நீ நகரவில்லை. அதற்குப் பிந்தைய வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பத்தி! எரிச்சலாக வந்தது.

அலை தெரு முழுக்கத்தான் புகுந்தது. ஒருத்தி தேறிவிட்டாள், பக்கத்து வீட்டுக்காரிக்கு இன்னும் ராத்தூக்கம் இல்லை. ஏன்? பிள்ளையைப் பறிகொடுத்தது, உடம்பில் பட்ட காயம் எல்லாம் பெரிய காரணங்கள்தான், எழுதிவிட்டாய். அப்புறம் வந்ததை யார் எழுதுவது? நம் கடற்கரைக் குப்பம் ஒன்றில் சுனாமி முடிந்த சில மாதங்களில் எடுத்த ஆய்விலேயே, வருமானம் அற்ற வீடுகளில் இந்நோய் கூடுதலாக இருந்தது.

2005 கோடையில், வீடிழந்தவர்களைத் தங்கவைத்த தார் அட்டைக் கொட்டகைகளில் உட்கார்ந்திருக்கிறேன். உச்சிவெயிலில் தார் வாடை மூச்சை அடைக்கும். அங்கே பெண்கள் அலையைவிட, யாருக்குப் படகு வந்தது, யார் பெயர் நிவாரணப் பட்டியலில் விட்டுப்போனது என்றே அதிகம் பேசினார்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டபின் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு அரசு மறு இணைப்பு அறுவை செய்து தந்தது. அதன்பிறகும் கரு நிற்காதவள் வீட்டில் வாங்கிய பேச்சு எந்த கேஸ் ஷீட்டிலும் ஏறவில்லை.

இது நம் கரையில் மட்டும் நடந்ததில்லை. 1972-இல் அமெரிக்காவின் பஃபலோ க்ரீக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். தப்பியவர்களை அக்கம்பக்கம் பாராமல் முகாம்களில் பிரித்துப் போட்டார்கள். ஊர் கலைந்ததே இன்னொரு அடி என்றார் சமூகவியலாளர் கை எரிக்சன். 14 வருஷம் கழித்தும், ஆய்வில் இருந்தவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டோருக்கு நோய் விடவில்லை. நான் மேடை ஏறினாலே பஃபலோ க்ரீக் வந்துவிடும் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

'மீனவர்களுக்கே உரிய மனத்திடம்' என்ற வரியை அடித்துவிடு. அண்ணி சோறு போட்டாளா, கடன்காரன் வாசலில் நின்றானா என்று கேட்டு எழுது.

ஸ்மார்ட் கார்டு வந்தபிறகும் அந்த அம்மா பழைய ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, தூங்கும்போதும் இடுப்பில் செருகியிருப்பதைக் கவனித்தாயே, அபாரமடா! எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் அந்தக் கண் கிடையாது. அதைப் போய் எட்டாம் பக்கத்தில் ஒளித்துவைப்பார்களா?

மறுபடி போ. டிசம்பரில் வேண்டாம், மைக்கோடு எல்லாரும் வந்துவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், கையில் காசு இருக்காது. அப்போது போய்த் தூக்கம் எப்படி என்று கேள். புது வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்றும் கேள்.