அறளை பெயர்தல்

வயது போனவர்கள் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டால், "அறளை பேந்திட்டுது" என்று சொல்லிவிட்டு எமது அலுவலைப் பார்க்கப் போய்விடுகின்றோம். மண்வெட்டியை வைத்த இடத்தை மறப்பது முதுமை. மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கென்று தெரியாமல் நிற்பது நோய். இத்தகைய நோய்களுள் மிகக் கூடுதலாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1906 இல் ஜேர்மன் வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், இறந்துபோன தமது நோயாளிப் பெண்ணொருவரின் மூளையை ஆராய்ந்து இதனை விபரித்தார். 1901 இல் வைத்தியசாலைக்கு வந்தபோது அப்பெண்ணுக்கு வயது 51 தான்.

மூளையில் சில புரதங்கள் படிந்து கலங்கள் சாகின்றன. பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதியும் பகுதியே முதலில் பழுதாகும். ஆகவே காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். இளவயதில் இறைத்த தோட்டம் கண்முன் நிற்கும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது பெரிய சோதனை. முகாமொன்றில் நாம் சந்தித்த பெரியவர் ஒருவர் பொழுதுபட்டதும், "வெங்காயத்துக்கு இறைக்க வேணும், வீட்டை போறன்" என்று வெளிக்கிடுவார். "வீடுமில்லை, காணியுமில்லை" என்பார் மகன். பெரியவர் ஒவ்வொரு நாளும் அச்செய்தியைப் புதிதாகக் கேட்டு அழுவார். உண்மையைச் சொல்வதே முறையென்று நாமும் அப்போது மகனுக்குச் சொன்னோம். அது எமது பிழை. மருமகள்தான் வழி கண்டார். "ஓம் மாமா, விடிய இறைப்பம். இப்ப இந்த வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தாங்கோ" என்பார். பெயர்கள் மறந்த பின்னரும் கை பழகிய வேலை நெடுநாள் நிற்கும். பெரியவர் குந்தியிருந்து கட்டுவார், புறப்பட்டதை மறந்துவிடுவார்.

நோய் பல வருடங்களாக மெல்ல மெல்ல முற்றும். நடுக்கட்டத்தில் பிள்ளைகளின் முகம் தெரியாது. இரவில் நித்திரை இராது. "என்ரை காசைக் களவெடுத்திட்டாய்" என்று பராமரிப்பவரையே ஏசுவார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. கட்டிவைக்க வேண்டாம். கட்டில்லாத கிணற்றை அடையுங்கள். ஒரேமாதிரிக் கொட்டில்கள் என்றால் அவருக்குப் பழகிய சேலையையோ சாரத்தையோ வாசலில் தொங்கவிடுங்கள். இடம் மாறினாலும் குளிப்பும் சாப்பாடும் அதே நேரத்தில் நடக்கட்டும்.

கடைசியில் பேச்சும் நடையும் போய், விழுங்குவதும் கடினமாகும். நிமிர்த்தி இருத்தி, குழைத்த சோற்றைச் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். படுக்கையிலிருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். படுக்கைப் புண் வராது காக்கலாம்.

நோயை மாற்றும் மருந்து இல்லை. சில மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்சக் காலம் உதவும். ஆனால் எல்லா மறதியும் இந்நோயல்ல. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும்; அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினால் சலக்கிருமியோ காய்ச்சலோ காரணமாகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நாம் சொன்ன அந்த மருமகள் இரவில் ஒழுங்காக நித்திரை கொண்டு மாதக்கணக்காகியிருந்தது. பக்கத்துக் கொட்டில்காரர் பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் பெரியவரோடு இருக்க முன்வந்தார்கள். அவர் முதல் நாள் செய்தது, படுத்து உறங்கியதுதான்.