சேர்ந்து பாடிய நாள்

காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் 1847ஆம் ஆண்டு தியாகராசர் மறைந்தார். அவர் நினைவாக ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் ஆராதனை விழாவில் இசைக்கலைஞர் பலர் ஒன்றுகூடிப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவர். அவ்விழாவுக்குச் சென்று தில்லி திரும்பிய தமக்கையும் தங்கையும் தம் அனுபவத்தைத் தோழியரிடம் பகிர்ந்தனர்.

"கைப்பேசியில் பலமுறை கேட்ட பாடல்கள்தாம், ஆயினும் அத்தனை குரல்களும் ஒருசேர எழுந்தபோது மெய்சிலிர்த்தது" என்றாள் தமக்கை.

"எனக்குப் பாடத் தெரியாதே எனக் கூசி அமர்ந்திருந்தேன்" என்றாள் தங்கை. "அருகிலிருந்த பாட்டி என் கையைப் பற்றி, எட்டு எண்ணிக்கையுள்ள ஆதி தாளத்தைப் போடக் கற்றுத்தந்தார். ஐந்து கீர்த்தனைகளுக்கும் அதே தாளம். பிறகு நான் அயலாள் அல்லேன்."

சொற்பொருள்: தமக்கை – அக்காள், கூசி – வெட்கப்பட்டு.

வினா: தங்கையின் கூச்சம் எவ்வாறு நீங்கியது?