ஏரிக்குள் ஆயிரம் அடிக் கப்பல்

கேள்வி: வட அமெரிக்கப் பேரேரிகளில் ஆயிரம் அடி நீளச் சரக்குக் கப்பல்கள் ஓடுவதாகப் படித்தேன். ஏரிக்கு எதற்கு இவ்வளவு நீளம்? அவை கடலுக்கு வருமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: வரவே முடியாது. கடலுக்குப் போகும் வழியில், நயாகரா அருவியைத் தவிர்த்துச் செல்லும் வெல்லண்ட் கால்வாய் குறுக்கிடுகிறது. அங்கே கப்பலை ஏற்றி இறக்கும் லாக் தொட்டிகளில் 740 அடிக்கு மேல் நீளமான கப்பலை விடமாட்டார்கள். ஆயிரம் அடிக் கப்பல்கள் மொத்தம் 13. அவற்றின் உலகம் அருவிக்கு மேலே உள்ள நான்கு ஏரிகளோடு சரி.

முதல் கப்பலான 'ஸ்டூவர்ட் ஜே. கோர்ட்' (1972) பிறந்த கதை வேடிக்கையானது. மூக்கையும் வாலையும் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் கட்டி, இரண்டையும் ஒட்டவைத்து, ஒரு குட்டைக் கப்பலாகக் கடல்வழியே கால்வாய்க்குள் கொண்டுவந்தார்கள். ஈரி ஏரிக்கரையில் அதை மறுபடி வெட்டி, அங்கே தயாராக இருந்த நடுவுடலை இடையில் வைத்துப் பற்றவைத்தார்கள். அதோடு கடலுக்குத் திரும்பும் வழி அடைபட்டது.

நீளத்துக்குக் காரணம் சுப்பீரியர் ஏரியின் வாசலில் உள்ள 'போ' லாக். அதன் அகலம் 110 அடி. கப்பலின் அகலம் 105 அடி. பக்கத்துக்கு இரண்டரை அடிதான் இடைவெளி, மாலுமிக்கு வியர்க்கும். கால்வாய்களில் ஆழமும் குறைவு. அகலமும் ஆழமும் கட்டுப்பட்டபின் நீட்டுவதைத் தவிர வேறு வழி? இன்று அங்கே மிக நீளமான 'பால் ஆர். டிரெகுர்தா' 1,013 அடி 6 அங்குலம். இவ்வளவு நீளமும் அகலமும் உள்ள கப்பலில், ஏரி மட்டம் ஓர் அங்குலம் இறங்கினாலே ஏறக்குறைய 250 டன் சரக்கை விட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்.

தூத்துக்குடிக்காரருக்கு இதுதான் வியப்பாக இருக்கும்: இறக்குவதற்குக் கரையில் கிரேன் வேண்டாம். சரக்கறையின் அடி புனல்போலச் சரிந்திருக்கிறது. கதவைத் திறந்தால் இரும்புத்தாது உருண்டைகள் கீழே ஓடும் பெல்ட்டில் விழும். அது மேலேற்றிக் கொடுக்க, தளத்திலிருந்து நீளும் 250 அடிக் கை கரையில் குவித்துவிடும்.

உப்பில்லாத நீர் என்பதால் இரும்பு எளிதில் அரிக்காது. கடற்கப்பல்கள் பெரும்பாலும் முப்பது வயதுக்குள் உடைப்புக்குப் போய்விடும். 1952-இல் வந்த 'ஆர்தர் எம். ஆண்டர்சன்' எழுபது வயதைத் தாண்டியும் சரக்கு ஏற்றியது. அதற்காக ஏரியைச் சாதுவென்று நினைக்க வேண்டாம். 1975 நவம்பர் 10 இரவு, இந்த ஆண்டர்சனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த 729 அடி 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' புயலில் 29 பேரோடு மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை.