ஒரு சுற்றுச் சுற்றி வர

அன்புள்ள மகளுக்கு,

நீ கொடுத்துவிட்டுப் போன குடும்பத் தேவை மதிப்பீட்டு அறிக்கையை இரண்டு தடவை படித்தேன். விசைத்தறித் தெருவில் ஒரு வீடு, மூளை முடக்குவாதம் உள்ள பதினான்கு வயதுப் பையன். அவனைப் பற்றி நீ எழுதியதில் திருத்த ஒன்றுமில்லை. நேரே ஒன்பதாம் பக்கத்துக்கு வருகிறேன்.

'தாயின் தேவை' என்ற கட்டத்தில், 'பராமரிப்பு உதவித்தொகை பெற்று வருகிறார். வேறு ஏதுமில்லை' என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, 'தாய் நன்கு ஒத்துழைக்கிறார்' என்று ஒரு வரி. இந்த இரண்டும் என்னைத் தூங்கவிடவில்லை.

மாதம் 2,000 ரூபாய் வருகிறது, சரி. அது பையனுக்கு. முப்பத்திரண்டு கிலோ பையனைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டுவது யார் என்று நான்காம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய். அந்த அம்மாவின் முதுகைப் பற்றி எங்காவது ஒரு வார்த்தை உண்டா? 'ஒத்துழைக்கிறார்' என்ற சொல்லை எங்கே பிடித்தாய்? பெற்றவள் யாருக்கு ஒத்துழைக்க வேண்டும்? பதினான்கு வருடமாக அவர் பார்த்துவரும் வேலைக்கு நேற்று வந்த நாம்தான் ஒத்துழைக்க வேண்டும். அந்தச் சொல்லை இனி எழுதாதே.

'என்ன உதவி வேணும்?' என்று கேட்டால், 'எனக்கு என்ன டீச்சர், இவன் நடந்தாப் போதும்' என்றுதான் நம் ஊரில் சொல்வார்கள். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா? ராத்திரியைப் பற்றிக் கேள். எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் இவனை யார் பார்ப்பார்கள்? கடைசியாக எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனீர்கள்? தறிக்குத் தார் சுற்றுவதை எப்போது விட்டீர்கள், அதில் வாரத்துக்கு என்ன வந்தது? கேட்கும்போது மாமியார் பக்கத்தில் இருக்க வேண்டாம். மாமியாரிடம் தனியாகக் கேள். செகந்தராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் குடும்பத் தேவைப் படிவத்தில் பெற்றோருக்கு, உடன்பிறந்தோருக்கு, தாத்தா பாட்டிக்கு என்று தனித்தனியே கேள்விகள் வைத்திருப்பது அதற்காகத்தான். நம் மாவட்டத்திலேயே ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில், பிள்ளையின் முன்னேற்றத்தோடு தாயின் பாரத்தையும் அளந்து பார்க்கிறார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவை மறந்துவிடாதே. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்காக, அவர்கள் சார்பில் வேறொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். பராமரிப்பவருக்கான படியை 24ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் இரண்டுக்கும் மையம் பிள்ளைதான். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அவர்களுடைய தேவையையே உள்ளாட்சி அமைப்பு தனியாக மதிப்பிட்டாக வேண்டும். அப்படி ஒரு பிரிவு இங்கே வரும்வரை, அம்மாவுக்கு இருப்பது உன் ஒன்பதாம் பக்கம் மட்டும்தான்.

தாயையும் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பயிற்சியும் இல்லை. 1998, ஆடித்தபசு முடிந்த மறுவாரம். நம் ஊர்க் கோமதி அம்மன் சன்னதியில், அங்குள்ள சக்கர பீடத்தில் உட்கார்ந்தால் சித்தம் தெளியும் என்று அப்போதும் கூட்டம் வரும். ஒன்பது வயது மகளை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் அமர்ந்து பிள்ளையைப் பற்றி ஒன்றுவிடாமல் கேட்டேன். எப்போது தலை நின்றது, எப்போது வலிப்பு வந்தது, சான்றிதழுக்குத் திருநெல்வேலி போனீர்களா. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் நோட்டை மூடி எழுந்தபோதுதான் கேட்டார்:

"டீச்சர், ஒரு அஞ்சு நிமிசம் இவளப் பிடிச்சுக்கிடுதீயளா? அம்பாள ஒரு சுத்துச் சுத்திட்டு வந்துருதேன்."

வாரம் தவறாமல் வருகிறவர். பிள்ளையை விட்டு எழ முடியாததால் ஒருநாளும் பிராகாரம் சுற்றியதில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார், நெற்றியில் புற்றுமண் ஈரம் காயாமல் இருந்தது. என் நோட்டில் நாலு பக்கம் எழுதியிருந்தேன். அந்த ஐந்து நிமிடம் அதில் எங்கேயும் இல்லை.

இனி ஒன்று. ஏழாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாயே: 'பேசிக்கொண்டே பையனின் வாயைத் துடைத்தார். கால் மணி நேரத்தில் பதினொரு தடவை.' மகளே, முப்பது வருடத்தில் நான் எழுதாத வரி அது. உன் கண் பார்த்துவிட்டது. அதைப் பேனாவால் எழுத உனக்கு ஏன் தயக்கம்? அறிக்கையிலேயே ஆகச் சிறந்த இடம் அந்த ஓரம்தான்.

அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போகும்போது ஒன்பதாம் பக்கத்தை மட்டும் கொண்டு போ. போனதும் பையனின் வாய் துடைக்கும் துண்டை வாங்கி உன் தோளில் போட்டுக்கொள். 'நீங்க போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்' என்று சொல். அவர் எங்கே போகிறார், எவ்வளவு நேரம் கழித்து வருகிறார் என்று பார். அந்தக் கட்டத்தில் முதலில் அதை எழுது.

அன்புடன்,
உன் டீச்சர்
சங்கரன்கோவில்