மேல் லீக்கில் எந்த நாற்காலி காலி?

டேரன் ஹேடாரின் பெயர் ஹாக்கி பார்ப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. 2006-07 சீசனில் சிகாகோ வுல்வ்ஸ் அணிக்காக அவர் எடுத்தது 122 பாயிண்ட். சீசனின் முதல் ஆட்டத்திலிருந்து தொடர்ச்சியாக 39 ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் கோல் அல்லது அசிஸ்ட். அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். ஆனால் அது ஏஎச்எல். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் உச்சிக்கு ஒரு படி கீழே இருக்கும் லீக். உச்சியில் இருக்கும் என்எச்எல்லில் அவர் ஆடியது மொத்தம் 23 ஆட்டம்.

இப்போது பிராட் மார்ஷாண்ட். 2009-10-இல் பாஸ்டன் ப்ரூயின்ஸ் அவரைக் கீழிருந்து கூப்பிட்டு 20 ஆட்டம் கொடுத்தது. கோல் பூஜ்யம். அசிஸ்ட் ஒன்று. அடுத்த சீசனை நான்காவது லைனில், அதாவது அணியின் கடைசி வரிசையில் தொடங்கினார். முடிக்கும்போது 21 கோல். பிளேஆஃபில் மேலும் 11. கையில் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை.

திறமையில் ஹேடார் குறைந்தவர் இல்லை. கோல் போடும் நாற்காலிகள் மேலே ஏற்கெனவே நிரம்பியிருந்தன, அவரிடம் விற்பதற்கு இருந்ததோ அந்த ஒரு சரக்குதான் என்பது என் கணிப்பு. மார்ஷாண்ட் முதலில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகுதான் நல்ல நாற்காலிக்கு நகர்ந்தார். சின்ன கம்பெனியில் ஸ்டாராக இருந்துவிட்டுப் பெரிய கம்பெனிக்குப் போகும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஹாக்கிக்காரர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பாருங்கள்.

1. காலியிடத்தைப் படியுங்கள், உங்கள் ரெஸ்யூமேயை அல்ல.

என்எச்எல்லில் 32 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் ஏஎச்எல் அணி. மேல் அணியின் ரோஸ்டரில் அதிகபட்சம் 23 பேர். ஆட்டத்தன்று களமிறங்குவது 20 பேர்: 12 ஃபார்வர்டு, 6 டிஃபன்ஸ்மேன், 2 கோலி. முதல் இரண்டு லைனில் இருக்கும் ஆறு ஃபார்வர்டுகளும் கோடிகளில் சம்பளம் வாங்குபவர்கள். அவர்கள் நாற்காலி உங்களுக்குக் கிடைக்காது, குறைந்தபட்சம் இந்த ஆண்டு. காலியாவது மூன்றாவது, நான்காவது லைன். அங்கே கேட்கும் வேலை வேறு: எதிரணியின் டிஃபன்ஸ்மேனைத் துரத்தி அழுத்தம் கொடுப்பது, ஃபேஸ்ஆஃப் ஜெயிப்பது, ஷாட்டுக்குக் குறுக்கே உடம்பைப் போடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக பெனால்டி கில், அதாவது நம் அணியில் ஓர் ஆள் பெனால்டி பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது கோல் விழாமல் காப்பது.

மார்ஷாண்டின் அந்த 21 கோலில் ஐந்து, அணி ஓர் ஆள் குறைவாக இருந்தபோது விழுந்தவை. யாரும் விரும்பாத டியூட்டியை வாங்கி, அதிலேயே கண்ணில் பட்டார்.

ஆகவே கீழே இருக்கும்போதே கோச்சிடம் போய் "எனக்கு பெனால்டி கில் கொடுங்கள்" என்று கேளுங்கள். பவர் பிளேயில், அதாவது எதிரணியில் ஓர் ஆள் குறையும்போது, பாயிண்ட் குவிப்பவன் இதைக் கேட்க மாட்டான். அவன் கேட்காதது உங்களுக்கு லாபம்.

2. மைதானம் அதேதான், நேரம்தான் குறைவு.

இரண்டு லீக்கிலும் ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். பக் அதே பக். பிறகு ஏன் மேலே போனவன் முதல் வாரம் தலை சுற்றி நிற்கிறான்? பக் ஸ்டிக்குக்கு வந்த பிறகு நிமிர்ந்து பார்த்து யோசிக்கக் கீழே ஒரு நொடி கிடைக்கும். மேலே அந்த நொடிக்குள் யாராவது உங்களைப் போர்டில் மோதியிருப்பார்கள். காலின் வேகத்தைவிட முடிவெடுக்கும் வேகம்தான் இங்கே ஆளைப் பிரிக்கிறது. பக் வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் கீழேயே வந்துவிட வேண்டும். ஏஎச்எல்லில் அது இல்லாமலும் ஒப்பேற்றலாம். அதனால்தான் பலருக்கு அது வருவதே இல்லை.

ஷிஃப்டை, அதாவது ஒருமுறை இறங்கிக் களத்தில் நிற்கும் நேரத்தைச் சுருக்குங்கள். நல்ல ஷிஃப்ட் என்பது 40, 45 நொடி. மூச்சு இருக்கிறதே, இன்னொரு கோல் வாய்ப்பு வருமே என்று ஒரு நிமிடம் தாண்டி நின்றால், களைத்த காலோடு எதிரணியின் புதுக் கால்களிடம் மாட்டுவீர்கள். இரண்டாம் பீரியடில் அணிகள் பக்கம் மாறுவதால் நம் கோல் பக்கத்திலிருந்து பெஞ்ச் தூரமாகிவிடும். பேராசைக்காரன் பிடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான். சரியான நேரத்தில் பெஞ்சுக்கு வருபவனைக் கோச் பாராட்ட மாட்டார். வராதவனை அடுத்த ஷிஃப்டில் உட்காரவைப்பார்.

2021 முதல் என்எச்எல் அரங்குகளில் வீரர்களின் ஜெர்சியிலும் பக்கிலும் டிராக்கிங் இருக்கிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் எண்ணாக வந்து நிற்கும். "நான் முழு எஃபர்ட் போட்டேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

3. காண்ட்ராக்டை வக்கீல் மாதிரிப் படியுங்கள்.

இளம் வீரர்கள் பலர் டூ-வே காண்ட்ராக்டில் இருக்கிறார்கள். மேலே ஆடும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழே ஆடும் நாளுக்கு வேறு சம்பளம். 2025-26-இல் என்எச்எல் குறைந்தபட்சச் சம்பளமே ஆண்டுக்கு 7,75,000 டாலர். கீழே முதல் காண்ட்ராக்டில் இருப்பவருக்கு ஒரு லட்சம் டாலர்கூட வராது. நாள் கணக்கில் சம்பளம் என்பதால், ஒரு வாரம் மேலே இருந்தாலும் அந்த மாத வரவே மாறிவிடும்.

அதைவிட முக்கியம் வேவர்ஸ். அனுபவமுள்ள வீரரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அவரை வேவர்ஸில் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மற்ற எந்த அணியும் அவரை இலவசமாகத் தூக்கிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. சைன் செய்த வயது, ஆண்டுகள், ஆடிய ஆட்டங்கள் ஆகியவற்றைப் பொறுத்து அது முடியும். இப்போது ஜெனரல் மேனேஜர் நாற்காலியிலிருந்து பாருங்கள். நீங்களும் ஒரு 27 வயதுக்காரரும் சமம். அவரைக் கீழே அனுப்பினால் பறிபோகலாம், உங்களை அனுப்பினால் ஒரு போன்காலோடு முடிந்தது. யாரை அனுப்புவார்? நீங்கள் கொஞ்சம் மேலாகவே இருந்தாலும் உங்களைத்தான். இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஆட்டத்துக்குப் போட்ட மார்க் அல்ல அது. ஆனால் விலக்கு எந்த ஆண்டு முடிகிறது என்று உங்களுக்கும் ஏஜென்டுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு டிரெய்னிங் கேம்ப்தான் உங்கள் உண்மையான இன்டர்வியூ. அப்போது உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவர்கள் பக்கம் போயிருக்கும்.

4. கீழே உள்ள பாஸ் நாளை மேலே வருவார்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். தமிழர்கள் நிறைந்த டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் பிறந்தவர் மைக்கேல் பண்டிங். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014-இல், 117-ஆவது ஆள். ஏஎச்எல்லுக்கும் கீழே உள்ள இசிஎச்எல் வரை இறங்கி ஆடியவர். 2021-இல் டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அவரை ஆண்டுக்கு 9,50,000 டாலருக்கு எடுத்தது. அங்கே கோச், ஷெல்டன் கீஃப். ஜெனரல் மேனேஜர், கைல் டுபாஸ். பண்டிங் ஜூனியர் லீக்கில் சூ கிரேஹவுண்ட்ஸ் அணிக்கு ஆடியபோதும் இதே இருவர்தான் அங்கே அதே பதவிகளில் இருந்தார்கள்.

பழக்கத்தால் வாய்ப்பு கிடைத்தது என்று முகம் சுளிக்க வேண்டாம். எல்லாத் தொழிலிலும் அப்படித்தான். வாய்ப்பை வைத்து அவர் செய்ததைப் பாருங்கள். ஆஸ்டன் மேத்யூஸ், மிச் மார்னர் என்ற இரண்டு நட்சத்திரங்களோடு முதல் லைனில் போட்டார்கள். பண்டிங் அவர்களோடு போட்டி போடவில்லை. மூலையில் மோதிப் பக்கை மீட்டுக் கொடுத்தார். கோல் வாயில் நின்று அடி வாங்கினார். எதிரணியைச் சீண்டிப் பெனால்டி வரவழைத்தார். 63 பாயிண்ட், அந்த ஆண்டுப் புதுமுகங்களில் முதலிடம். சிறந்த புதுமுகம் விருதின் இறுதிப் பட்டியலிலும் பெயர் வந்தது. அந்த விருதுக்கு செப்டம்பர் 15 அன்று 26 வயது ஆகியிருக்கக் கூடாது. அவருக்கு 26 ஆனது செப்டம்பர் 17 அன்று.

ஜஸ்டின் ஹோல் கதை இன்னும் கறாரானது. டொரொண்டோவின் ஏஎச்எல் அணியான மார்லீஸில் கீஃபின் கீழ் ஆடிய டிஃபன்ஸ்மேன். 2018 ஜனவரி கடைசியில் மேலே கூப்பிட்டார்கள். முதல் இரண்டு ஆட்டத்திலும் கோல். என்ன நடந்தது? திரும்பக் கீழே. அடுத்த சீசன் முழுக்க மேலே வைத்திருந்து, களமிறக்கியது வெறும் 11 ஆட்டம். கோட் சூட் போட்டு கேலரியில் உட்காரும் ஹெல்த்தி ஸ்கிராட்ச் வாழ்க்கை. 2019 நவம்பரில் கோச் மாறினார், வந்தது கீஃப். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹோல் கையில் மூன்று ஆண்டு காண்ட்ராக்ட், ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்.

ஆடாத அந்த ஆண்டில் பிராக்டிஸைக் கோட்டைவிட்டிருந்தாலோ, கீழே இருந்தபோது கீஃபோடு முறைத்துக்கொண்டிருந்தாலோ இந்தக் கையெழுத்து விழுந்திருக்காது. கீழ் லீக் கோச்சை வெறும் பஸ் ஸ்டாப்பாக நினைக்காதீர்கள்.

5. கூப்பிடும் தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

கோலி ஜோர்டன் பின்னிங்டன், 2018-19 சீசன் தொடங்கியபோது செயின்ட் லூயிஸ் ப்ளூஸின் கோலி வரிசையில் பின்னால் இருந்தார். ஜனவரித் தொடக்கத்தில் அணி மொத்த லீக்கிலும் கடைசி. ஜனவரி 7, முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்க அவரை நிறுத்தினார்கள். ஒரு கோல்கூட விடவில்லை. ஜூன் 12, ஸ்டான்லி கோப்பை. பாஸ்போர்ட், ஸ்டிக், உடம்பு, தூக்கம் எல்லாம் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

6. முதல் வாரத்து இம்ப்ரெஷன்.

பிராக்டிஸ் முடிந்ததும் சிதறிக்கிடக்கும் பக்குகளைப் பொறுக்குவது புதுப்பையனின் வேலை. பொறுக்குங்கள். டிரெஸ்ஸிங் ரூமில் சீனியரின் இடத்தில் உட்காராதீர்கள். எக்விப்மென்ட் மேனேஜரின் பெயரை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். உங்களைப் பற்றிய தகவல் கோச் காதுக்கு அந்த வழியிலும் போகும். மைக் நீட்டினால் இரண்டு வாக்கியம் போதும்.

வீடு பார்க்காதீர்கள். மேலே வந்தவனை முதலில் ஹோட்டலில்தான் தங்கவைப்பார்கள். "வீடு பார்த்துக்கொள்" என்று மேனேஜ்மென்ட் சொன்னால்தான் உங்களை வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம்.

7. திருப்பி அனுப்பினால்.

அனுப்புவார்கள். பெரும்பாலோரை ஒரு முறையாவது அனுப்பியிருக்கிறார்கள். இன்றைய என்எச்எல் வீரர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் தன் வழியாக வந்தவர்கள் என்று ஏஎச்எல் சொல்லிக்கொள்கிறது. செய்தியைச் சொல்லும் அறையில் வாதாடாதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: நான் எதைச் சரிசெய்தால் அடுத்த கால்-அப் எனக்கு வரும்? அதைக் கீழே உள்ள கோச்சிடம் சொல்லிவிட்டீர்களா? இரண்டாவதற்கு "இல்லை" என்று பதில் வந்தால், கீழே போய்ச் சேர்ந்த அன்றே நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு அவரிடம் பெனால்டி கில் கேளுங்கள்.