பழி கீசர் மேல், குற்றம் தண்ணீர் மேல்

மதுரையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் மறக்காமல் கேட்பது இதைத்தான்: "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்? போர்த் தண்ணி ரொம்ப உப்பா?" இந்த அக்கறை சமையலறையோடு நின்றுவிடுகிறது. குளியலறையில் முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன கீசர் தகராறு செய்தால், தண்ணீரை யாரும் நினைப்பதில்லை. "மெஷின் போச்சுண்ணே, மாத்திருங்க" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. நல்ல கீசர்கள் இப்படி வீணாகக் காயலான் கடைக்குப் போகின்றன. அதைவிடக் கவலை தருவது, ஆபத்தானவை சுவரிலேயே தொங்கிக்கொண்டிருப்பது.

முதலில் தண்ணீர். 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைப் படுகைக்கு வருகிறது. "நல்ல தண்ணி" என்பது அதுதான். மழையாகப் பெய்து ஆறாக ஓடிவரும் அந்த நீரில் சுண்ணாம்பு குறைவு. மதுரைச் சமவெளியின் அடியில் இருப்பதோ நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகள். அவற்றின் வெடிப்புகளில் நீண்ட காலம் தேங்கிய நீர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போர்வெல்லில் ஏறி வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுக்கலாம். கீசருக்கென்று தனித் தண்ணீர் கிடையாது. போரில் வருவது எதுவோ அதுதான் அதற்கும்.

"சத்தம் போடுது, வெடிக்கப் போகுது"

கீசர் கடகடவென்று உறுமினால் வீடே பயப்படும். நடப்பது இதுதான். போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிக் காயிலின் மேல் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. பொருக்குக்கு அடியில் சிக்கிய நீர் கொதித்து, குமிழியாகி வெடிக்கும் சத்தம்தான் அது. கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லும் அறிவிப்பாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டதற்காக மட்டும் புதுக் கீசர் வாங்க வேண்டியதில்லை.

"உப்பு படிஞ்சா கரன்ட் பில் ஏறும்"

மெக்கானிக்குகளே சொல்வது இது. மின்சாரக் கீசரைப் பொறுத்தவரை பெரும்பாலும் தவறு. காயில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. அதன் 2000 வாட் வெப்பமும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போய்ச் சேர வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த 26 நிமிடம் ஆகும். செலவு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. பொருக்கு இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. அது கெடுப்பது காயிலின் ஆயுளை. வெப்பம் வெளியேறத் தாமதமாவதால் காயிலின் உறை அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் விரிசல் விடுகிறது. தொட்டியின் அடியில் சேரும் சுண்ணாம்புச் சேறு வெந்நீருக்கான இடத்தையும் குறைத்துவிடும். கேஸ் கீசரிலும் சூரிய ஹீட்டரிலும் கதை வேறு. அங்கே படிவு வெப்பத்தை மறிப்பதால் பலன் உண்மையிலேயே குறையும்.

"உப்புத் தண்ணின்னா லேசா கரன்ட் அடிக்கத்தான் செய்யும்"

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பதறுகிறது. குழாயைத் தொட்டால் சுர்ரென்று இருப்பது எந்த ஊர்த் தண்ணீருக்கும் இயல்பு கிடையாது. உறை வெடித்த காயிலிலிருந்து மின்சாரம் கசிகிறது, எர்த் கம்பி சரியாக இல்லை என்று அர்த்தம். உடனே மெயினை அணையுங்கள். எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும்வரை யாரும் அங்கே குளிக்கக் கூடாது. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்றும் அவரிடம் கேளுங்கள். பழைய கீசர் வாங்கி மாட்டுகிறவர்கள் எர்த்தைச் சோதிக்காமல் சுவிட்சைப் போடவே கூடாது.

"வால்வு ஒழுகுது, அடைச்சிருங்க"

25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது 25 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 400 மில்லி பெருக்கிறது. கீசருக்கு முன்னால் ஒருவழி வால்வு இருந்தால் பெருத்த தண்ணீர் திரும்பிப் போக முடியாது. பாதுகாப்பு வால்வு அதைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். அதன் வேலையே அதுதான். சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் விட்டுவிடுங்கள். எந்நேரமும் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். எம்-சீல் வைத்து அடைக்கிற வேலை மட்டும் வேண்டாம். தெர்மோஸ்டாட்டும் பழுதாகிவிட்டால், அடைபட்ட தொட்டி உண்மையிலேயே வெடிக்கும்.

"பெரிய டேங்க் வச்சா ஷவர் வேகமா வரும்"

விசையைத் தருவது தொட்டியின் உயரம். கொள்ளளவுக்கு அதில் பங்கில்லை. 10 மீட்டர் உயரம் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். மாடியில் தொட்டிக்கு 3 மீட்டர் கீழே இருக்கும் ஷவருக்கு 0.3 பார்தான் கிடைக்கும், தொட்டி 500 லிட்டரோ 5000 லிட்டரோ. வீட்டில் பிரஷர் பம்பு வைக்க நினைப்பவர்கள், கீசர் எத்தனை பார் தாங்கும் என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வையுங்கள். பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் நூலாக வந்தால் பம்பு எதற்கு? வெந்நீர்க் குழாயில் பொருக்கு அடைத்திருக்கும், அல்லது காற்று சிக்கியிருக்கும்.

"டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பார்த்தோமே"

அந்தக் கருவி தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை அளந்து, மொத்தக் கரைபொருளைக் கணித்துச் சொல்கிறது. எது கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சாதாரண உப்பு மிகுந்த நீர் 1500 காட்டியும் பொருக்குப் படியாமல் போகலாம். 500 காட்டும் நீர் காயிலை மூடிவிடலாம். சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்பதே இதைவிட நல்ல சோதனை. துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம்.

சாஃப்டனர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. கீசருக்கு நல்லது, ஆனால் டிடிஎஸ் குறையாது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். குழாயில் காந்தம் கட்டினால் உப்புப் படியாது என்று விற்கிறார்களே, அதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

"பாத்ரூம் ஆசிட் ஊத்தினா பளிச்சுனு போயிரும்"

பொருக்கு போகும், கூடவே காயிலின் உறையும் அரிபடும். கழற்றிய காயிலைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தாலே போதும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

"கேஸ் லீக் ஆனா வாசனை காட்டிக்கொடுத்துரும்"

கசியும் எரிவாயு காட்டிக்கொடுக்கும். அதற்கென்றே அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். கேஸ் கீசரில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அதுவல்ல. காற்றோட்டமில்லாத அறையில் சரியாக எரியாத எரிவாயு கார்பன் மோனாக்சைடாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. தலை சுற்றும், கதவைத் திறக்க எழுவதற்குள் நினைவு தப்பும். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தோம் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். உங்கள் குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் அதை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். மாற்றும்வரை ஒருவரையும் அதில் குளிக்க விடாதீர்கள்.